கடல் பார்க்கப் போனவனுக்காக ஒரு மடைக்காவல்

உத்தமபாளையத்தில் நாங்கள் தங்கிப் படித்த போர்டிங்கில் ஒரு வழக்கம் இருந்தது. விடுமுறை முடிந்து திரும்புகிறவன், முதல் சாப்பாட்டுக்கு முன் எழுந்து நின்று, புதிதாகப் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மதுரைக்குப் போனவன் தெப்பக்குளத்தைச் சொல்வான். வயல்வேலைக்குப் போன என்னைப் போன்றவர்கள் ஒவ்வொரு முறையும் வாய்க்காலைச் சொல்லிவிட்டு உட்காருவோம்.

போடிக்கு ரயில் ஓடத் தொடங்கிய சில ஆண்டுகளில், போர்டிங்கின் பேரால் ஏதாவது செய்யவேண்டும் என்று பழைய மாணவர்கள் கூடினோம். வாசலில் கல்வெட்டு வைக்கலாம் என்றார் பழனிசெட்டிபட்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்த நண்பர்.

"கல்ல எவன்யா நின்னு வாசிப்பான்? ஊரத் தாண்டாத பயலா ஒருத்தனப் பாத்து, வருசா வருசம் கடலுக்கு அனுப்புவோம்" என்றார் ஏலக்காய் வியாபாரியான இன்னொருவர்.

பயணப் பரிசு அப்படி உண்டாயிற்று. தேனியில் ரயிலேறி, மதுரையில் மாறி, வார்டன் துணையோடு தனுஷ்கோடி போய்வர வேண்டும். நான் கோர்ட் குமாஸ்தா என்பதால் விதிகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் நாள் குறித்தேன்.

முதல் பரிசு கூடலூர்ப் பையன் ஒருவனுக்குக் கிடைத்தது. புறப்பட வேண்டிய நாளுக்கு முன்தினம், அவன் தகப்பனார் அனுப்ப மறுக்கிறார் என்று வார்டன் ஆள் அனுப்பினார். ஜவுளிக்கடைக்காரர், ஏலக்காய் வியாபாரி, நான் மூவரும் பஸ் பிடித்துக் கூடலூர் போனோம்.

"லோயர் கேம்புல பெரியாத்துத் தண்ணி தொறந்தாச்சு. நான் ஏர் பிடிப்பேனா, மடையில நிப்பேனா? எந்த மகராசன் இந்த நேரத்துல நாள் குறிச்சது?" என்றார் தகப்பனார்.

நண்பர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூவரும் இதே பள்ளத்தாக்கில் ஏர் பிடிக்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவர்கள்தான். ஒருவருக்கும் தண்ணீர் திறக்கும் காலம் நினைவுக்கு வரவில்லை. பையன் மாட்டைப் பிடித்தபடி நின்றான். பயணத்துக்குத் துவைத்த சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"மடையில நாங்க இருக்கோம்ணே. அவன அனுப்பி வைங்க" என்றேன்.

"நீங்களா? மேவயக்காரன் வந்து மடைய அடைச்சா என்ன செய்வீக?"

"அது மேலயே ஒக்காந்துக்கிருவோம்" என்றார் ஏலக்காய் வியாபாரி. அவர் உடம்பு அதற்குப் போதுமானது.

தகப்பனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேட்டி சேறாச்சுன்னு என்னையச் சொல்லக் கூடாது" என்றவர், மகன் பக்கம் திரும்பி, "ஏலே, சட்டைய எடு" என்றார்.

மறுநாள் பையன் ரயிலேறினான். நாங்கள் முறை வைத்து மடையில் இருந்தோம். என் முறையின்போது மேல்வயல்காரர் மண்வெட்டியோடு வந்து, குடையின் கீழ் என்னைக் கண்டதும் நின்றார்.

"கோர்ட்டுக்காரகளா? யாரு வயல ஜப்தி பண்றீக?"

"ஜப்தி இல்லண்ணே. தண்ணி பாய்ச்சுறேன்."

அவர் நம்பவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

பையன் திரும்புவதற்குள் உழவு முடிந்து நாற்றங்கால் தயாராகிவிட்டது. விடைபெறும்போது தகப்பனார் எங்களைப் பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

"சின்னவனையும் ஒங்க போர்டிங்லதான் சேக்கப்போறேன். அவனுக்கும் தண்ணி தொறக்கிறப்பவே நாள் குறிச்சிருங்க" என்றார்.