லொரெட்டா போடாத மாலை

புனிதவதிக்கு ரொறன்ரோவில சொந்தக்காரருக்குக் குறைவில்லை. ஆனால் ஆபத்துக்கு வந்து நிண்டவள் லொரெட்டா ஒருத்திதான். அஜின்கோர்ட்டில பாண் சுடுற ஒரு பேக்கரி ஃபக்டரியில வருசக்கணக்காய்ப் பக்கத்துப் பக்கத்தில நிண்டு பாண் அடுக்கினவையள். லொரெட்டா அரிசோனாப் பக்கத்து ஆதிக்குடி, அப்பாச்சே இனத்தவள். புருசனுக்குப் பின்னால இஞ்ச வந்தவள், அவன் விட்டிட்டுப் போனபிறகும் இருந்திட்டாள். புனிதத்தின்ர மனுசன் மாரடைப்பில ஆஸ்பத்திரியில கிடக்கேக்கை சொந்தமெல்லாம் போனில அழுதிச்சினம். இவள் சூப்போட நேர வந்தாள்.

மகள் துர்க்கா பெரியபிள்ளையான செய்தியைக் கேட்டு லொரெட்டா துள்ளிக் குதிச்சாள்.

"எங்கடை ஆக்களும் பெரிசாய்ச் செய்வினம். பிள்ளை விடியச் சூரியனைப் பார்த்து ஆடுவாள், நாள்கணக்காய்!"

பிறகு குட்டிக் குட்டிக் கண்ணாடிமணியளைக் கோத்து ஒரு மாலை செய்தாள். கழுத்தைச் சுற்றி வந்து நெஞ்சில பட்டையாய் இறங்கிற மாலை. சாமத்தியவீட்டுச் சடங்குக்கு முதல்கிழமை அதைக் கொண்டுவந்து குடுத்தாள்.

"இது வடிவுக்குப் போடுற நகையில்லை, புனிதா. பிள்ளை நல்லாய் இருக்கவேணுமெண்டு ஒவ்வொரு மணியிலயும் வேண்டிக் கோத்தது. எனக்குப் பொம்பிளைப்பிள்ளை இல்லை. இதை நான் போட்டுவிட்டால் அவளுக்கு நானும் ஒரு தாய், ரெண்டு குடும்பமும் சொந்தம். அதுவரைக்கும் ஒருத்தரும் போடக்கூடாது. உங்கடை சாமிக்கு முன்னால வை."

"ஓம்" எண்டாள் புனிதம். மனசாரத்தான் சொன்னாள்.

பிறகு வந்து துலைஞ்சான் வீடியோக்காரப் பிரியந்தன். இஞ்சத்தைச் சாமத்தியவீடு தெரியுந்தானே, கலியாணவீடு பிச்சை வாங்கவேணும்! சாமித்தட்டில மாலையைக் கண்டவுடன, "அன்ரி, சூப்பர் சாமான்! செவ்விந்தியத் தீமில ஒரு வீடியோ சூட் செய்வம்" எண்டான். மாலையைத் துர்க்காவின்ர கழுத்தில போட்டு, பார்ட்டிக் கடையில இறகு வாங்கித் தலையில கட்டி, கன்னத்தில கோடு கீறி, கையில அம்பும் வில்லும் குடுத்து, ரூஜ் ஆத்தங்கரையில நிப்பாட்டினான். வாயில கையைத் தட்டி ஊளையிடச் சொன்னான். பிள்ளையும் செய்தது. புனிதம் பக்கத்தில நிண்டு மாலையை நேராக்கிவிட்டாள். பெரிய ஸ்கிரீனில பார்த்து லொரெட்டா சந்தோசப்படுவாளாம்! விசரி, மூளையை எங்கை கழட்டி வைச்சவளோ!

சாமத்தியவீட்டண்டைக்கு லொரெட்டா தங்கடை ஆக்களின்ர நீளச் சட்டையைத் தானே தைச்சுப் போட்டுக்கொண்டு வந்து முன்மேசையில இருந்தாள். லைற் அணைஞ்சுது. ஸ்கிரீனில துர்க்கா ஊளையிட்டாள். ஹோல் முழுக்கச் சிரிப்பு. பின்னால ரெண்டு பேர் வாயில கையைத் தட்டிக் காட்டிச்சினம்.

புனிதம் மாலையைத் தட்டில வைச்சுக்கொண்டு மேடைக்கு ஓடினாள். "லொரெட்டா, வா, இப்ப போடு."

லொரெட்டா பரிசு குடுக்கிற வரிசையில நிண்டு, தன்ர முறை வந்தவுடன மேடைக்கு ஏறினாள். மாலையைத் தொடேல்லை. மற்றச் சனம்மாதிரி ஒரு காசு என்வலப்பைப் பிள்ளையின்ர கையில வைச்சாள். கமராவைப் பார்த்தாள். சாப்பிடாமல் போனாள்.

திங்கட்கிழமை ஃபக்டரியில அவள் பாண் ஓடுற மற்றப் பெல்ற்றுக்கு மாறியிருந்தாள். சாப்பாட்டு நேரம் புனிதம் மாலையைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"எனக்கு உது பிழையெண்டு தெரியேல்லையடி..."

"தெரியாதவள் செய்திருந்தால் நான் மறந்திடுவன். உனக்கு நான் சொன்னனான்."

"அப்ப இதையாவது வாங்கு."

"பகிடிக்குப் போட்டாச்சு. இனி அதை நான் எந்தப் பிள்ளைக்குப் போட?"

பெல் அடிச்சுது. லொரெட்டா தன்ர பெல்ற்றுக்குப் போனாள்.

மாலை இப்பவும் சாமித்தட்டில கிடக்கு. துர்க்கா ஒருநாள் அதை எடுத்துப் பார்த்திட்டுக் கேட்டாள், "அம்மா, லொரெட்டா அன்ரி இனி எனக்கு ஆர்?"