ஐஸ் பெட்டியோடு வந்தவர்

அக்காவின் மறுவீட்டு விருந்துக்கு ஐஸ் பெட்டியோடு ஒருவர் வந்தார். மாப்பிள்ளைக்கு வேண்டியவராம், கோலாலம்பூர் ஹோட்டலில் வேலை. எங்கள் கோலசிலாங்கூர் எஸ்டேட் ஹாலில் வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டு, வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கினார். மேலே கிரீம் சீஸ், அதன்மேல் புகைபோட்ட சால்மன் மீன். ஒவ்வொரு துண்டையும் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பித் திருப்பி வைத்தார்.

“அங்கிள், அடுப்பு பத்த வைக்க மறந்துட்டீங்களா?”

“அடுப்பே வேணாம்லா தம்பி. மாப்பிள்ளைக்காக என்னால முடிஞ்சது இது ஒண்ணுதான். எல்லாரும் சாப்பிடணும்.”

நான் சும்மா இருப்பேனா? ஹால் முழுக்கச் சுற்றி, “பச்சை மீனு, இன்னும் துள்ளுது!” என்று சொல்லி வைத்தேன். ஒருவரும் தட்டைத் தொடவில்லை. பாவம் பார்த்த பெரியம்மா அதைக் குசினிக்குத் தூக்கிப் போனார். மீனை மட்டும் எடுத்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்துக் கொண்டுவந்தார். உடனே தட்டு காலி.

அவரும் ஒன்றைத் தின்றார். “நல்லா இருக்குக்கா,” என்றார் பெரியம்மாவிடம். பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து, உள்ளே மீனோடு மிச்சமிருந்த ஒரே வெள்ளரித் துண்டை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

“உனக்குன்னு எடுத்து வெச்சேன். நீதான் ரொம்ப நேரமா இதைச் சுத்திச் சுத்தி வந்தே.”

வாயில் போட்டேன். ஜில்லென்று இருந்தது. அப்புறம் புகை வாசம். விரலில் ஒட்டியிருந்த சீஸையும் நக்கினேன்.

அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை. புரளியைக் கிளப்பியது யாரென்று அவருக்குத் தெரியுமா? அக்காவுக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது; நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.