கரும்புத் தோட்டப் படமும் பக்கத்து வீட்டு அம்மாவும்

"இந்தப் படத்துல நாம யாரும்மா?" என்று மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிஜித் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. லவுத்தோக்காவில் எங்கள் தெருவிலேயே எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரின் சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆட்கள் நியூசிலாந்துக்கு, ஆக்லாந்து போய்விட்டார்கள். நாங்களும் விண்ணப்பித்திருந்தோம். பக்கத்து வீட்டுப் பூர்வகுடிப் பிஜிய அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவருடைய தம்பி ராணுவத்தில் இருந்தார். சொன்னால் என்ன நினைப்பாரோ, சொல்லாவிட்டால் என்ன நினைப்பாரோ என்று மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வீடியோ பார்க்க வருவார். அந்த வாரம் கணவர் வாடகைக்கு எடுத்து வந்தது பழங்காலக் கதை. ஏதோ ஒரு தீவில், வெள்ளைக்காரர்களின் கரும்புத் தோட்டத்தில் அடிமைகள் கலகம் செய்கிறார்கள். நிலம் பூர்வகுடிகளுடையதா, கரும்பு வெட்ட வந்த எங்களுடையதா என்று நாடே கொந்தளிக்கும்போது இதையா அந்த அம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பது? திரைச்சீலையை இழுத்துவிட்டுச் சத்தத்தைக் குறைத்தேன்.

அப்படியும் வந்துவிட்டார், அவித்த மரவள்ளிக்கிழங்கோடு. உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் நடக்க நேர்ந்தால் குனிந்து 'துலோ' என்று சொல்லி மன்னிப்புக் கேட்பது பிஜியர் வழக்கம். எங்களுக்கு ஒரு துலோ சொன்னார். டிவியைக் கடக்கையில், குதிரைமேல் சவுக்கோடு இருந்த துரைக்கும் ஒன்று சொன்னார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தோட்டம் பற்றி எரியும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள், எல்லாருக்கும் புரியும் எங்கள் ஊர் இந்தியில்.

பக்கத்து வீட்டு அம்மா கிழங்கை மென்றபடியே அவளுக்குச் சொன்னார்: "நீங்க கரும்பு வெட்டுறவங்க. எங்க ஆளுங்க ஒருத்தரும் இதுல இல்ல. நிலம் மட்டும்தான் இருக்கு, பாரு."

படத்தை நிறுத்த எழுந்தேன். குதிரைக்காரன் மாட்டுகிறானா என்று பார்க்க வேண்டும், சத்தத்தைக் கூட்டு என்றார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீங்கல்லாம் போறப்போ இந்த வீடியோ டெக்க எனக்குக் குடுத்துட்டுப் போவியா?" என்றார்.

நாங்கள் போகப்போவது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கிழங்கு அவித்துக்கொண்டு வந்திருக்கிறார். பல வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. சத்தத்தைக் கூட்டினேன். குதிரைக்காரன் மாட்டினான். அவர் கை தட்டினார்.

டெக் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. நாங்கள் ஆக்லாந்தில் நிம்மதியாகத்தான் இருக்கிறோம். ஆனால் மகள் மறக்கவில்லை. நாம் கரும்பு வெட்டியவர்கள் என்று சொன்னால், "அப்ப நிலம்?" என்கிறாள். பிள்ளைகளோடு ஊரைவிட்டு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்களேன்.