பேக்ஸ்டர் என்ற பாண்காரி

இந்த வெள்ளைக்கார ஊரில் என்னை வாப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் வழக்கப்படி வாப்பாவின் பெயர் முன்னால், என் பெயர் பின்னால்: ஆதம்லெப்பை றிஸ்வானா. இங்கே முன்னால் நிற்பதுதான் ஆளின் பெயர். அதனால் முக்காடு போட்ட நான் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் 'ஆடம்'. முதல் வாரமே ஆய்வுகூடத்தில் ஆடமுக்கென்று ஆண்கள் அளவில் ஒரு வெள்ளை மேலங்கி எடுத்து வைத்திருந்தார்கள். கைகளை மடித்துவிட்டுக்கொண்டே படித்து முடித்தேன்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர் திரு. பேக்ஸ்டருக்கு இதில் பெரிய மனவருத்தம். குடும்பப் பெயர் இல்லாத பிள்ளை அவருக்கு அநாதைப் பிள்ளை மாதிரி. தன் பெயரின் வரலாற்றைத் தேநீர் ஊற்றும்போதெல்லாம் சொல்வார். பேக்ஸ்டர் என்றால் பாண், அதாவது ரொட்டி, சுடுகிறவர். முப்பாட்டனார் ஒருவர் அரசனுக்கே பாண் சுட்டாராம். அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த பெயராம். சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் அவருடைய பாண் கருகிவிடும்.

நானும் விடவில்லை. எங்கள் கடற்கரை ஊர்களிலும் வம்சத்துக்குப் பெயர் உண்டு, அதைக் குடி என்போம், அது உம்மா வழியாக வரும், நான் பொன்னாச்சி குடி, கல்யாணம் பேச வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள் என்றேன்.

"அப்படியானால் உன் பெயரில் அது ஏன் இல்லை?" என்றார்.

அந்தக் கோபத்தில் நூலகத்துக்குப் போய் அவருடைய பெயரைத் தேடினேன். பழைய காலத்தில் பாண் சுட்ட ஆண் பேக்கராம், பெண்தான் பேக்ஸ்டர். அந்தப் பெயரில் ஆண்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள். அன்று மாலையே அவரிடம் சொன்னேன். தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தார்.

"அப்போ என் முப்பாட்டனார்?"

"முப்பாட்டியாராக இருக்கலாம்," என்றேன்.

பட்டமளிப்பு நெருங்கியபோது, மேடையில் என் பெயரை எப்படி வாசிப்பது என்று கேட்டார்கள். றிஸ்வானா மட்டும் போதும் என்று சொல்ல நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆடமாக மேடையேற மனமில்லை. எங்கள் ஊர் சாய்ந்தமருதுக்கு ஃபோனில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். மாவடிப்பள்ளி வயல்களில் கூலிக்கு வேலை செய்து என்னைப் படிப்பித்த வாப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது, பெருவிரல்தான் வைப்பார்.

"என்ட பேரயும் சத்தமாச் செல்லுவாங்க எண்டு நினைச்சன் மகள்."

பின்னாலிருந்து உம்மா, "குடி என்ட. பெத்ததும் நான். பேர் மட்டும் இவருக்கா?" என்றார்.

முழுப் பெயரையும் வாசிக்கச் சொல்லிவிட்டேன்.

அன்று பேக்ஸ்டர் கோட்டுப் போட்டு வந்து, வாப்பாவும் உம்மாவும் வீடியோவில் பார்க்கட்டும் என்று என் ஃபோனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார். "ஆடம்லெப்பை றிஸ்வானா" என்று வாசித்தார்கள். பட்டத்தோடு நின்ற பெரியவர் என் தோளுக்குப் பின்னால் ஓர் ஆணைத் தேடினார். அந்த நேரம் பார்த்து, மண்டபத்தின் நடுவே ஃபோனுக்குள்ளிருந்து, வரப்பில் நின்று ஆள் கூப்பிட்டால் பதில் கொடுக்கும் வாப்பாவின் அதே குரல்.

"ஓம், இஞ்ச இரிக்கன்."

வாப்பா கதிரையை விட்டு எழுந்தே நின்றாராம். உம்மா பிறகு சொன்னார். இங்கே நான் பட்டத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருக்க, பெயருக்குரியவர் அங்கே சாரனைச் சரிசெய்துகொண்டு நின்றிருக்கிறார்.