மிதப்பு கட்டிய கயிறு

"தலையை உள்ள வைம்மா, காலு முங்குது பாரு!" நீச்சல் குளத்தில் என் மகளைப் பார்த்துப் பயிற்சியாளர் கத்தினார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மாவட்டத் தேர்வு. இதே கூச்சலைப் பழவேற்காடு ஏரியில் கேட்டிருக்கிறேன். நான் ஏழாவது படித்த வருஷம், ஆவணி மாதம். அக்கா புரட்டாசி என்பாள், தவறு.

எங்கள் ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் அக்காவை நீச்சலில் முந்த ஆளில்லை. போட்டிக்குத் தயார் செய்ய எங்கள் விளையாட்டு ஆசிரியர் படகில் உட்கார்ந்து அவளை விரட்டுவார். அவள் தலையோ அடிக்கொருதரம் மேலே வந்துவிடும்.

"வானத்துல இன்னாம்மா தேடுற?" என்பார் சார்.

"சார் சொல்றது காதுல வுழல?" என்று கரையிலிருந்து நைனாவும் கத்துவார். மாதம் முழுக்க இதே பாட்டு.

போட்டியில் அக்கா கடைசியாக வந்தாள். போட்டி நடந்த நீச்சல் குளத்தில் மிதப்பு கோத்த கயிறுகளைக் கட்டித் தடம் பிரித்திருந்தார்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கி நீந்தியிருக்கிறாள்.

"ஏரியில மிதப்பப் பாத்து, வலை எங்க கெடக்குதுன்னு தெரிஞ்சிதானே சார் நீஞ்சுவோம்? அறுத்துட்டா சும்மா வுடுவாங்களா?" என்று அழுதாள்.

ஏன் தலையைத் தூக்குகிறாய் என்று அதுவரை ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இடைவேளையில் மகளிடம் அதையே கேட்டேன்.

"நீ பாக்குறியான்னு பாத்தேம்ப்பா."

விசில் ஊதியதும் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.