பழனாயிக்கு வந்த மோட்டார் படகு

மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டுப் பழனாயிக்குத் தண்ணீர் என்றால் பயம். யாரும் அவளைக் கிணற்றில் தள்ளிவிட்டதில்லை. அவள் சொந்தத்தில் யாரையும் ஆறு அடித்துக்கொண்டு போனதுமில்லை. அடி தெரியாத தண்ணீர் அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான். ஓடையில் கணுக்கால் நனைய நின்று துணி துவைப்பாள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறினால் கரைக்கு வந்துவிடுவாள். அப்படிப்பட்டவள்தான் அந்த மலையில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பழைய மோட்டார் படகுக்குச் சொந்தக்காரி ஆனாள்.

படகு முதலில் அருணாசலத்துடையது. அவர் அடிவாரத்து விவசாயக் குடும்பத்துக்காரர். மனைவி இறந்த பிறகு, அதே மலையின் பைல் நாட்டில் வாங்கிப் போட்டிருந்த காப்பித் தோட்டத்துப் பங்களாவுக்கே குடிவந்துவிட்டார். பங்களாவுக்குக் கீழே ஓர் ஏரி இருந்தது. அதில் விடுவதற்காக, இளவயதில் கொச்சியிலிருந்து ஒரு தேக்குப் படகை வாங்கி, லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் முட்டி மோதி மேலே கொண்டுவந்திருந்தார். நீண்ட மூக்கு, வார்னிஷ் பூசிய உடம்பு, பித்தளை வளையங்கள், நடுவில் மரப்பெட்டிக்குள் என்ஜின். வருஷா வருஷம் அவரே உட்கார்ந்து அதைத் தேய்த்து மெருகேற்றுவார்.

பழனாயி அங்கே சமையல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவளை ஏரிக்குக் கூப்பிட்டார். தான் மட்டும் பின்னால் உட்கார்ந்து ஓட்டினால் படகின் மூக்கு தூக்கிக்கொள்கிறது, எதிரே ஒன்றும் தெரிவதில்லை, முன்பலகையில் ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும் என்றார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். என்ஜின் உறுமியதும் கண்ணை இறுக்கி மூடினாள். கரைக்கு வந்து இறங்கும்வரை திறக்கவே இல்லை.

அன்றிலிருந்து மழையில்லாத சாயங்காலமெல்லாம் அதே பாடுதான். மத்தியானச் சோறு வடிக்கும்போதே கை சில்லிட ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரன் பொங்கியண்ணனிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். வேலையை விட்டுவிடச் சொன்னான் அவன். சமையல் வேலையை அவளுக்குப் பிடித்திருந்தது, அந்தப் பெரியவரையும் பிடித்திருந்தது. அதனால் வருஷக்கணக்கில் முன்பலகையிலேயே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தாலும் காது திறந்துதானே இருக்கும். சாவி போடும் சத்தம், சோக்கை இழுக்கும் சத்தம், கியர் விழும் சத்தம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டன.

போன ஆவணியில் அருணாசலம் காய்ச்சலில் படுத்தார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மகள் சுமித்ரா பழனாயிக்குப் போன் செய்தாள். தோட்டத்தை விற்றாகிவிட்டது, வாங்கியவர்கள் படகுக் கொட்டகையைப் பிரிக்கப் போகிறார்கள் என்று சொன்னாள்.

"அந்த போட் உங்களுக்குத்தான் பழனாயக்கா. அப்பா ஆஸ்பத்திரியில கூட அதைத்தான் சொன்னாரு. பழனாயிக்கு அதுன்னா உசுரு, ஏறுனதும் கண்ணை மூடிக்கிட்டு காத்தை அனுபவிச்சிக்கிட்டு வருவா, அவளைத் தவிர யாருக்கும் குடுத்துராதேன்னாரு."

அந்தப் பக்கம் சுமித்ரா அழுதுகொண்டிருந்தாள். அழுகிற பெண்ணிடம் என்னவென்று சொல்வது?

"சரிங்க அம்மிணி" என்றாள் பழனாயி.

படகை எடுத்து வருவதில் ஒரு சங்கடம் இருந்தது. கொட்டகை இருந்த பங்களாப் பக்கம் செங்குத்தான படிக்கட்டுதான்; வண்டி இறங்காது. லாரி வரக்கூடிய பாதை ஏரியின் எதிர்க்கரைக்குத்தான் இருந்தது. கயிறு கட்டி ஓரமாக இழுத்துப் போகலாம் என்றால் ஓரமெல்லாம் பாறையும் முள்ளும். ஏரியைக் குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும். அதுவோ ஐப்பசி. ஏரி நிரம்பி, எதிர்க்கரையின் ஓர் ஓரத்தில் இருந்த கலிங்கு வழியாக வழிந்து, கீழே பாறையில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டுவதற்குப் பொங்கியண்ணன் ஆள் தேடிப் பார்த்தான். டிராக்டர் ஓட்டுகிறவன் இருந்தான், ஜீப் ஓட்டுகிறவன் இருந்தான். படகு என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் பழனாயியே, "நானே ஓட்டிப் பாக்கறனுங்க. நீங்க முன்னால குந்திக்கங்க" என்றாள்.

லாரிக்காரன் கதிர்வேலை எதிர்க்கரையில் நிற்கச் சொல்லிவிட்டு, காலையில் இருவரும் கொட்டகைக்கு இறங்கினார்கள். பழனாயி சாவியைப் போட்டு, சோக்கை இழுத்து, திருப்பினாள். இரண்டு முறை இருமிவிட்டு என்ஜின் பிடித்துக்கொண்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது முதல்முறையாகக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. அடி தெரியவில்லை.

பாதி தூரம் போயிருப்பார்கள், மலையிலிருந்து பனி இறங்கியது. லாரி மறைந்தது, கரை மறைந்தது, முன்பலகையில் இருந்த பொங்கியண்ணனே மங்கலாகத்தான் தெரிந்தான். அந்த நேரம் பார்த்து என்ஜின் விக்கி விக்கி நின்றுபோனது. சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பினாள். அருணாசலம் போனதிலிருந்து யாரும் ஓட்டாத என்ஜின் அது. தேங்கிக் கிடந்த பெட்ரோலில் என்ன இருந்ததோ, உயிரே வரவில்லை.

சத்தம் நின்றதும் இன்னொரு சத்தம் கேட்டது. தண்ணீர் பாறையில் விழும் சத்தம்.

"கலிங்குப் பக்கம் போவுது புள்ள" என்றான் பொங்கியண்ணன். மூங்கில் கழியை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். கழி முழுசும் போயும் அடி தட்டவில்லை. அவன் எழுந்து நின்றதில் படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே தெறித்தது. "எட்டுக்கையம்மா, எட்டுக்கையம்மா" என்று முனக ஆரம்பித்தான். அவனுக்கும் நீச்சல் தெரியாது.

பழனாயிக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மூடியும் விட்டாள். ஆனால் மூடினால் அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. உடனே திறந்தாள். முன்பலகைக்கு அடியில் இரும்பு நங்கூரம் ஒன்று கிடக்கும். உட்காரும்போதெல்லாம் அவள் பாதத்தில் சில்லென்று படும். ஒருநாளும் அதை யாரும் எடுத்துப் போட்டு அவள் பார்த்ததில்லை.

"குந்துங்க" என்று அதட்டினாள். கட்டியவனை அவள் அதட்டியது அதுதான் முதல் தடவை. "காலுக்கடியில இருக்கற இரும்பை எடுத்துத் தண்ணியில போடுங்க. கயிறு வளையத்துல கட்டியிருக்குதான்னு பாத்துட்டுப் போடுங்க."

அவன் தடவிப் பார்த்து, தூக்கிப் போட்டான். கயிறு சரசரவென்று ஓடியது. படகு நிற்கவில்லை. நங்கூரம் சேற்றில் உழுதுகொண்டே வந்தது. சத்தம் நெருங்க நெருங்கத் தண்ணீர் படகின் வயிற்றை இழுப்பது பழனாயிக்குப் பலகை வழியாகத் தெரிந்தது. அப்புறம் எதிலோ மாட்டி ஒரு வெட்டு வெட்டி நின்றது. படகு மெல்லத் திரும்பி, மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு ஆடியது.

அந்தக் கயிறு எத்தனை வருஷத்துக் கயிறோ என்று அவள் நினைத்தாள். இருவரும் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு, மூச்சு விடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

பனி விலகியபோது கலிங்கின் கல் விளிம்பு ஒரு மாட்டுவண்டி நீளத் தூரத்தில் இருந்தது. கரையில் அவர்களைக் காணாமல் ஓடித் திரிந்த கதிர்வேல் ஓடிவந்து, தார்ப்பாய் கட்டும் கயிற்றை வீசினான். மூன்றாவது வீச்சில் பொங்கியண்ணன் கையில் சிக்கியது. கரை ஏறியதும் பழனாயி புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். படகை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றான் கதிர்வேல். அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள்.

அன்று சாயங்காலம் சுமித்ரா போனில் கேட்டாள். படகு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு மேல் பழனாயி ஒன்றும் சொல்லவில்லை.

வாசலில் தகரக் கூரைக்குக் கீழே படகு நின்றது. ஊரே வந்து பார்த்தது. மழை பெய்யும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கம் கலைந்து கலிங்கின் சத்தம் கேட்டது. விற்றுவிடலாம் என்றான் பொங்கியண்ணன். அவளும் சரி என்றாள். சேந்தமங்கலத்திலிருந்து ஓட்டல் கட்டுகிற ஒருவர் வந்தார். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என்ஜினைக் கழற்றிவிட்டு, அடிப்பலகையில் நாலு ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஓட்டல் வாசலில் பூச்செடி வைக்கப்போவதாகச் சந்தோஷமாகச் சொன்னார்.

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த பழனாயி நிமிர்ந்தாள்.

"ஓட்டை போடறதுன்னா வேண்டாமுங்க. அது தண்ணியில போற சாமானுங்க."

வந்தவர் விளையாட்டு என்று நினைத்தார். பொங்கியண்ணனும் அப்படித்தான் நினைத்தான். அவளுக்கே காரணம் விளங்கவில்லை. தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பெரியவரின் கையை நினைத்தாளோ என்னவோ.

சும்மா கிடந்தால் என்ஜின் இறுகிவிடும் என்று மெக்கானிக் சொன்னார். தை மாதம் தண்ணீர் அடங்கியதும் பஞ்சாயத்தில் கேட்டுக்கொண்டு படகை ஊர் ஏரியில் இறக்கினார்கள். பெட்ரோல் தொட்டியைக் கழுவி, நங்கூரத்துக்குப் புதுக் கயிறு கட்டிக்கொடுத்தான் பொங்கியண்ணன். ஏறமட்டும் மாட்டேன் என்றான். மூக்கு தூக்காமல் இருக்க முன்பலகையில் இரண்டு மண் மூட்டையை வைத்துக்கொண்டு அவள் தனியாகப் போனாள். ஏரி நடுவில் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மெல்லத் திருப்பி, வந்த வழியே வந்து சேர்ந்தாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கை சில்லிட ஆரம்பித்துவிடும். சனிக்கிழமை காலையில் களி இறங்காது. பக்கத்து வீட்டுப் பாவாயி ஒருநாள், இவ்வளவு பயந்துகொண்டு எதற்குப் போகிறாய் என்று கேட்டாள்.

"என்னோடதுங்கக்கா. நான் எடுக்கலீன்னா யாரு எடுப்பா?" என்றாள் பழனாயி.

சேலத்திலிருந்து வாங்கிவந்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை அவளுக்கு மாட்டி, வாரை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பொங்கியண்ணன் கையை எடுப்பான். அவள் திரும்பி வரும்வரை கரையில் உட்காராமல் நிற்பான்.