கீழவைப்பாருக்கு வராத அம்மைப்பால்

கிருபாபாய் நாசரேத்துக்காரி. மிஷன் பள்ளியில் படித்தவள். கணவர் இறந்தபின் தூத்துக்குடியில் பெரியம்மை வராமல் தடுக்க அம்மை குத்தும் வேலைக்குச் சேர்ந்தாள். அது யுத்த காலம்.

கடலோரக் கீழவைப்பாரில் அவள் தலையைக் கண்டாலே பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய்விடுவார்கள். குத்தினால் அம்மை வந்துவிடும் என்று பயம். பேசிப் பேசி, கடைசியில் இஞ்ஞாசி என்ற மீனவன் மட்டும் அவளை நம்பினான். பெரியம்மை பக்கத்து ஊரான வேம்பார் வரை வந்துவிட்ட கோடையில், அவனே வீடு வீடாகப் போய் ஊரைக் கூட்டி மாதா கோயில் முன்னால் நிறுத்தினான். எல்லாருக்கும் குத்தியாயிற்று.

அடுத்த வாரம் பார்க்கப் போனாள். மருந்து பிடித்திருந்தால் குத்திய இடத்தில் கொப்புளம் எழும்ப வேண்டும்; ஒரு கையிலும் எழும்பவில்லை. மருந்து செத்திருந்தது. பனிக்கட்டி போட்டுப் பத்திரமாக வைக்க வேண்டிய அம்மைப்பால், ரயிலடிச் சரக்குக் கொட்டகையில் எடுக்க ஆளில்லாமல் வெயிலில் கிடந்தது என்று விசாரித்தபோது தெரிந்தது.

சுகாதார அதிகாரி ஜெபசீலனிடம் ஓடினாள். கையிருப்பு இல்லை, அடுத்து வருவதும் கொழும்புக் கப்பலில் ஏற அம்மை குத்தியாக வேண்டிய ஆட்களுக்குத்தான், கீழவைப்பாருக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார் அவர். அதற்குள் அம்மை ஊருக்குள் வந்துவிட்டது. பல வீடுகளில் சாவு விழுந்தது. இஞ்ஞாசியின் மகளும் போனாள். அவன் மனைவி ஹில்டா, வாசலில் வந்து நின்ற கிருபாபாயின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கிருபாபாய் மறுபடியும் ஜெபசீலன் முன்னால் போய் நின்றாள். அவர் தலை நிமிராமலே சொன்னார்: "கப்பல் நின்னா மெட்ராஸ்ல இருந்து என்னயக் கேப்பாங்க. கீழவைப்பாருக்காக யாரு கேக்கப் போறா?"

"நான் கேக்கேன் ஐயா," என்றாள். "செத்த மருந்தக் குத்துனது இந்தக் கைதான்."

அடுத்த அம்மைப்பால் பெட்டி வந்த அன்று அவளே ரயிலடிக்குப் போனாள். கையெழுத்துப் போட்டு வாங்கினாள். ஆபீசுக்குப் போகாமல் நேரே கடற்கரைக்கு நடந்தாள். அங்கே அவள் சொல்லியனுப்பியிருந்தபடி இஞ்ஞாசி வள்ளத்தோடு காத்திருந்தான்.

ஊரில் பாதிப் பேர்தான் கை நீட்டினார்கள். முதல் தடவை ஏமாந்து இப்போது ஒதுங்கியவர்களை அவள் வற்புறுத்தவில்லை. அவர்களை வற்புறுத்த என்ன முகம் இருக்கிறது என்று நினைத்தாள். ஹில்டா வெளியே வரவே இல்லை. இஞ்ஞாசிதான் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இந்தத் தடவை குத்திய கைகளில் கொப்புளம் எழும்பியது.

மருந்தில்லாமல் கப்பல் துறைமுகத்தில் நின்றது. வியாபாரிகள் மெட்ராசுக்குத் தந்திக்கு மேல் தந்தி அடித்தார்கள். உடனே அடுத்த ரயிலிலேயே பெட்டி பெட்டியாக அம்மைப்பால் வந்து இறங்கியது. பனிக்கட்டி கரையாமல் பார்த்துக்கொள்ள, கூடவே காவலுக்கு ஒரு ஆளும் வந்தான்.

வேலை நீக்க உத்தரவை வாங்க ஆபீசுக்குப் போன கிருபாபாய் அங்கே அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டாள். உத்தரவைப் படித்தபோது வராத கோபம் இப்போது வந்தது.

"ஹில்டா மக சாகும்போது இது எங்கன இருந்துச்சு ஐயா?"

ஜெபசீலன் பியூனைக் கூப்பிட்டு அவளை வெளியே அனுப்பச் சொன்னார். அவள் அசையவில்லை. குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, அதே கேள்வியை இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகக் கேட்டாள்.